அடைக்கக் கூடாத ஓட்டைகள்

கடலாடிப் பக்கம் கரிமூட்டம் போடுவது, அதாவது விறகை அடுக்கி மண்ணால் மூடிப் புகையவிட்டுக் கரியாக்குவது, எங்கள் வீட்டுத் தொழில். மூட்டத்தில் ஓட்டை விழுந்தால் உடனே சேற்றை அப்பி அடைக்க வேண்டும். விட்டால் காற்றுப் புகுந்து விறகெல்லாம் சாம்பலாகிவிடும். அதனால் ஓட்டையைக் கண்டால் என் கை சும்மா இருக்காது.

வானியல் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த ஆய்வுக்கூடத்தில் என் முதல் வேலை, விண்மீன் மண்டலக் கூட்டம் ஒன்றின் எக்ஸ்ரே படத்தைச் சுத்தம் செய்வது. கொதிக்கும் வாயுவின் வெளிச்சத்துக்குள் இரண்டு இருண்ட குழிகள் தெரிந்தன. கருவிக் கோளாறு என்று அவற்றை நிரப்பிவிட்டேன். ஆய்வு வழிகாட்டி தலையில் கை வைத்துக்கொண்டார். நடுவிலிருக்கும் கருந்துளை ஊதிய குழிகள் அவை. அது ஊதுவதால்தான் வாயு ஆறாமலும் நட்சத்திரமாகாமலும் கிடக்கிறது.

ஊரில் மூட்டம் போடும் என் அய்யாவிடம் போனில் சொன்னேன்.

"ஏலே, மூட்டம் ஆறினாத்தானே கரி," என்றார். "ஊதிக் கெடுக்குறவன் நடுவுலயே உக்காந்திருக்கான். நீ ஓட்டைய அடைச்சு என்ன செய்ய?"