பவளத்தில் படர்ந்த பாசி

எண்பதுகளில் எங்கள் அவனியாபுரம் வீட்டில், கடலோர ஊரான மண்டபத்திலிருந்து கேனில் கடல் தண்ணீர் கொண்டுவந்து, கண்ணாடித் தொட்டியில் உயிருள்ள பவளம் வளர்த்தேன். கூடவே சில மீன்கள். பவளத்தின் மேல் தலைமயிர் மாதிரி பச்சைப் பாசி படர்ந்தது. பல் பிரஷால் தேய்த்து எடுத்தால் மறுநாளே முளைக்கும். வெயில்தான் காரணமென்று, ஜன்னலைத் திறந்த மனைவியைத் திட்டினேன்.

ஒருநாள் டிபன் பாக்ஸை மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பினேன். அப்பா ஊன்றுகோலோடு நின்று தொட்டிக்குள் பொரி போட்டுக்கொண்டிருந்தார். கால் முறியும்வரை தினமும் திருப்பரங்குன்றம் சரவணப் பொய்கைக்கு நடந்துபோய் மீன்களுக்குப் பொரி போட்டவர். இங்கே ஊறி அழுகிய பொரிதான் பாசிக்கு உரமாகியிருக்கிறது.

"என்னப்பா இது?"

"நீ போடுறது இதுகளுக்குக் காணாதுய்யா. பசிக்கும்ல."

போடாதீங்க என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவர் கை அடுத்த பிடிக்காக மடிக்குள் போயிருந்தது. டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன்.

அதன்பின் நான் பிரஷைத் தொடவில்லை. பவளம் பாசிக்குள் மறைந்து செத்தது. மீன்கள் தப்பித்தன. தொட்டியை உற்றுப் பார்த்த அப்பா, "இப்பத்தான்யா கொளம் மாதிரி இருக்கு" என்றார்.

பவளம் போன வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனாலும் அப்பா அப்படிச் சொன்ன அன்று சாயந்திரம் வேலையிலிருந்து வரும்போது பொரி வாங்கி வந்தேன்.