வில்லி எந்த ஊர்க்காரி?

ஒத்திகை மண்டபத்துப் படிக்கட்டில்தான் அது எனக்கு முதலில் உறைத்தது. நாடகத்தில் திருட வருபவர் பெண் என்றால் அவளை வில்லன் என்பதா, வில்லி என்பதா என்று மூன்று பேருக்குள் தர்க்கம். நான் கைப்பேசியில் தேடினேன். சினிமாவிலிருந்து நமக்கு வந்த அந்தச் சொல்லின் வேர் பழைய பிரெஞ்சில் இருந்தது. முதல் அர்த்தம், பண்ணையில் வேலை செய்கிறவன்.

நான் கண்டிக்குப் பக்கத்துப் பன்விலவில், ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில், அந்த வரிசை வீடுகளில் பிறந்தவள். திரையை அணைத்துவிட்டு, தண்ணீர் குடித்தேன்.

மூன்று பேர் என்றேனே. நாடகத்தை எழுதி நடத்துகிறவர் யாழ்ப்பாணத்து அண்ணன், கண்டியில் வங்கி வேலை. புடவைக்கடை முதலாளியாக அவரே நடிக்கிறார். அலவத்துகொடையிலிருந்து வரும் என் சிநேகிதி வாடிக்கையாளர். நான் முதலாளியின் கண்ணில் மண்ணைத் தூவிச் சேலையைச் சுருட்டுகிற திருடி.

இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிற எதையும் எனக்கு நம்பப் பிடிக்காது. பன்விலவில்கூட ஒரு 'வில' இருக்கிறது. அதற்கும் இதற்கும் ஒட்டு உறவு கிடையாது, அது சிங்களத்தில் சதுப்பு நிலம். அதனால் நூலகத்துக்குப் போய்த் தடித்த அகராதியைப் புரட்டினேன். அதுவும் அதையேதான் சொன்னது. லத்தீனில் 'வில்லா' என்றால் பண்ணை வீடும் அதைச் சுற்றிய நிலமும். அந்த நிலத்தோடு கட்டுண்டு, துரையின் அனுமதி இல்லாமல் வெளியேற முடியாதவன் 'விலேன்'. பிறகு அது நாகரிகம் தெரியாதவன் ஆனது, அப்புறம் அற்பன், அப்புறம் அயோக்கியன், கடைசியில் மேடைக்கு வந்துவிட்டது. இத்தனைக்கும் அந்த ஆள் ஒன்றும் செய்யவில்லை. பெரிய வீட்டில் இருந்தவர்கள் பேசிப் பேசியே அவனைக் கெட்டவனாக்கியிருக்கிறார்கள். அந்த வீட்டின் பெயருக்கு மட்டும் ஒரு கீறல் விழவில்லை. எங்கள் பஸ் ஏறுகிற மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு வெள்ளைக்காரர் தங்கும் 'வில்லா' பலகைகள்தான்.

சிநேகிதி சுற்றுலா வழிகாட்டியாகப் போவதற்குப் பிரெஞ்சு படிக்கிறாள். அவளுடைய வகுப்பில் விசாரிக்கச் சொன்னேன். இப்போதைய பிரெஞ்சில் குறும்பு செய்கிற பிள்ளையை அந்தச் சொல்லால் ஏசுவார்களாம், மோசமான வானிலையைக்கூட அப்படிச் சொல்வார்களாம். சொல்லிவிட்டு, "ஒன்ன வில்லின்னு சொல்றத்துக்கு பிரெஞ்சு என்னத்துக்குடி, மூஞ்சப் பாத்தா போதாதா?" என்று சிரித்தாள். அப்புறம் குரலை இறக்கி, "ஒன்ன இதுக்கு எடுத்தது ஒன்ட நடிப்புக்கு இல்ல, பேச்சுக்கு" என்றாள்.

அதன் பிறகு எனக்கு எல்லாமே சந்தேகம். முதல் நாள் அண்ணன் சொன்னது ஞாபகம் வந்தது. "உம்மட ஊர்ப் பேச்சிலையே கதையும் தங்கச்சி, இயல்பா வரும்." அப்படிப் பேசச் சொன்னதைப் பாராட்டென்று நினைத்து வீட்டில் வேறு சொல்லியிருந்தேன். பிரதியை மறுபடி எடுத்தேன். முதலாளி எழுத்துத் தமிழில் பேசுகிறார், வாடிக்கையாளரும் அப்படியே. 'வாங்க', 'போறேங்க' எல்லாம் என் வாயில் மட்டும். அண்ணன் தேநீர் வாங்கித் தந்தால்கூட ஏன் தருகிறார் என்று யோசித்தேன்.

இந்த நாடகத்தை எங்கள் தோட்டத்து மண்டபத்துக்குக் கொண்டுபோக ஒழுங்கு செய்தவள் நான்தான். அம்மா லயம் முழுக்கச் சொல்லிவிட்டது. முன்வரிசையில் உட்கார்ந்து அம்மா பார்க்கப் போவது என்ன? மேடையில் தன்னைப் போலப் பேசுகிற ஒரே ஆள், சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடுவதை.

நேற்றைய ஒத்திகையில் கேட்டுவிட்டேன். சும்மா கேட்பது போலத்தான். திருடியின் வசனத்தை யாழ்ப்பாணப் பேச்சில் சொல்லிப் பார்க்கட்டுமா என்றேன்.

அவர் பிரதியிலிருந்து தலை தூக்கவில்லை. "சும்மா இரும் தங்கச்சி. பிறகு சனம் யாழ்ப்பாணத்தாரெல்லாம் கள்ளர் எண்டெல்லோ நினைக்கும்."

சிநேகிதி இருமினாள். அவர் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், திருப்பவும் இல்லை. சொன்னது தன் காதில் விழுந்ததா, அடுத்த காட்சியை யோசித்தாரா, எனக்கு இன்னும் தெரியாது.

அப்போது சொன்னேன். "அப்ப நான் மொதலாளி, நீங்க திருடன். அவங்கவங்க ஊட்டுப் பேச்சுலயே பேசிப் பாப்போம் அண்ணே."

"ஓம், சனிக்கிழமை ஒருக்கா செய்து பாப்பம்," என்றார். கொஞ்சம் சீக்கிரமாகவே சம்மதித்துவிட்டார். அதுவும் எனக்கு உறுத்துகிறது.

எப்படியோ, இப்போது முதலாளியின் வசனங்களை அம்மாவின் பேச்சில் எழுதிக்கொண்டிருக்கிறேன். சனிக்கிழமை கல்லாவுக்குப் பின்னால் கதிரையில் உட்கார்ந்து, "வாங்க தம்பி, என்னா வேணும்?" என்று ஆரம்பிக்க வேண்டும். அவர் சேலைப் பக்கம் கையை நீட்டும்போது யார் சிரிக்கிறார்கள் என்று பார்க்கப் போகிறேன்.