அமீனா லபாடியின் கால்சட்டை மடிப்பு

சந்தைக்குள் நுழையும்போதே இக்னேஷியஸ் லபாடி குனிந்து, கறுப்புக் கால்சட்டையின் இஸ்திரி மடிப்பை இரு விரலால் நீவிவிடுவார். கோட்டு, டை, அந்த மடிப்பு: நீதிமன்ற அமீனா வருகிறார் என்பதற்கு வேறு அறிவிப்பு தேவையில்லை. சந்தை காலியாகிவிடும்.

"ஓடுங்கப்பா, ஜூரி புடிக்கிறவரு வர்றாரு" என்று குரல் கொடுக்கும் இளநீர்க்கடை வெர்லின் மட்டும் அசையமாட்டாள். வயது அறுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. சட்டம் அவளைத் தொடாது.

சட்டம் எளிமையானது. வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல ஜூரியாக ஒன்பது பேர் வேண்டும். படிக்கத் தெரிந்த, காது கேட்கிற, சிறைக்குப் போகாத, குற்றவாளிக் கூண்டில் நிற்பவனுக்கு உறவில்லாத குடிமகன் போதும். பாதிரியார், மருத்துவர், போலீஸ்காரர் கூடாது. நீதிமன்ற ஊழியரும் கூடாது. இல்லாவிட்டால் எல்லா நாற்காலியிலும் லபாடியே உட்கார்ந்து தொலைத்திருப்பார். ஆனால் சம்மனைக் கண்டதும் தீவு முழுக்கப் பாதிரியார்களும் செவிடர்களும் முளைத்துவிடுவார்கள். கல்யாணத்துக்கு அழைக்காதவனெல்லாம் கைதிக்குச் சித்தப்பா ஆகிவிடுவான். சாயங்காலம் ரம் கடை பெஞ்சில் அதே சித்தப்பாக்கள்தான் எல்லா வழக்குக்கும் தீர்ப்புச் சொல்வார்கள்.

"ஆண்டவரே, இந்தத் தீவுல ஒருத்தனுக்குக்கூடவா தகுதியில்ல?" இது லபாடியின் அன்றாட ஜெபம்.

அன்று எட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள். ஒன்பதாவது ஆள் இல்லை. படகு எஞ்சின் திருடியதாகச் சொல்லப்படும் ஜெர்வன், ஜூரி சேராமலே ஒரு வருஷத்துக்கு மேலாக உள்ளே கிடக்கிறான். நீதிபதி மாலை விமானத்தில் அடுத்த தீவுக்குப் போய்விட்டால், அவனுக்கு அடுத்த கார்னிவல் திருவிழாவும் சிறையில்தான். "தெருவில் போகிற தகுதியான ஒருவரைப் பிடித்து வா" என்று நீதிபதி அனுப்பியிருந்தார்.

மீன் வண்டிக்குப் பின்னால் பதுங்கியிருந்த மினிபஸ் டிரைவர் தியோபில் அகப்பட்டான். காதைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தான்.

லபாடி வாதாடவில்லை. வெர்லின் பக்கம் திரும்பி, தணிந்த குரலில், "நேத்து நம்ம வெஸ்ட் இண்டீஸ் பசங்க எழுபதுக்கே சுருண்டுட்டானுங்களாமே" என்றார்.

"எழுபதா? எரநூத்திப் பன்னெண்டு. மூணே விக்கெட்டு" என்றான் தியோபில்.

"நல்ல காது. நட."

"நடக்குறேன் சார். ஆனா இதப் பாருங்க." அவன் பூப்போட்ட அரைக்கால் சட்டையைக் காட்டினான். "இதோட கோர்ட்டுப் படியேறக் கூடாதுன்னு எங்கம்மா கேஸு அன்னிக்கு என்ன வெரட்டுனது யாரு? நீங்கதான? வீட்டுக்குப் போயி மாத்திட்டு வந்துர்றேன்."

வீடு மலைக்கு அந்தப் பக்கம். போனால் திரும்பமாட்டான் என்பது மீனுக்குக்கூடத் தெரியும்.

"ஒங்க சட்டம்தான அமீனா, நீங்களே மதிக்கலன்னா எப்படி?" என்றாள் வெர்லின்.

லபாடி தியோபிலின் இடுப்பை ஒருமுறை கண்ணால் அளந்தார். பிறகு அவன் கையைப் பிடித்து, வலைகள் வைக்கும் கொட்டகைக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

சற்று நேரத்தில் தியோபில் கத்தி மடிப்பு வைத்த கறுப்புக் கால்சட்டையில் படியேறினான். படி வரை அமீனா கூட வந்தார். படிக்கு மேல் போலீஸ்காரர் கூட்டிப் போனார். கதவு சாத்தப்பட்டது.

வெளியே வாதுமை மரத்தடியில் அமீனா உட்கார்ந்தார். மேலே கோட்டு, டை, கீழே பூக்கள். வெர்லின் ஓர் இளநீரை வெட்டிக் கொண்டுவந்து வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை. குனிந்து, அந்தப் பூக்களின் மேல் இல்லாத மடிப்பை இரு விரலால் நீவிவிட்டுக்கொண்டிருந்தார்.