ஓமம் என்று எழுதிய டின்

யாழ்ப்பாணத்தில் இருந்தவரை நான் துப்பாக்கியைத் தொட்டதேயில்லை. அதன் சத்தம் கேட்டால் குப்புறப் படுப்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். றைபிள் ஒன்றை முதன்முதலில் தோளில் வைத்தபோது எனக்கு நாற்பத்தொரு வயது. லண்டனுக்கு வெளியே ஒரு மைதானத்தில், முந்நூறு கெஜம் தள்ளி நின்ற கடதாசி வட்டத்தைப் பார்த்துச் சுட்டேன். கடதாசி திருப்பிச் சுடாது என்பது எனக்குப் பிடித்திருந்தது.

என்னை அங்கே கூட்டிப்போனவள் மனோர் பார்க்கில் எங்கள் தெருவுக்குத் தபால் கொண்டுவரும் வெள்ளைக்காரப் பெண். ஏறக்குறைய என் வயதுதான். நான் பார்க்கிங் என்ற ஊரில் ஒரு பட்டறையில் லேத் மெசின் ஓட்டுகிறவன் என்று அறிந்து, தன் றைபிளுக்கு ஒரு சின்னப் பித்தளை ஆணி கடைந்து தர ஏலுமா என்று ஒருநாள் வாசலில் வைத்துக் கேட்டாள். கடைந்து கொடுத்தேன். அதற்கு நன்றியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் கிளப்புக்கு அழைத்துப்போனாள். ஒரு வருடத்துக்குள் நானும் அங்கத்தவனாகி, பொலிஸ் வந்து வீட்டைப் பார்த்து, றைபிள் வைத்திருக்கச் சான்றிதழும் கிடைத்துவிட்டது.

என் மனைவிக்கு இது அறவே பிடிக்கவில்லை. அவளும் என் ஊர்தான், எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி. "வெடிக்குப் பயந்து இவ்வளவு தூரம் ஓடிவந்திட்டு, இப்ப காசு குடுத்து வெடி வைக்கிறீங்கள்" என்றாள். கடைசியில் ஒரு நிபந்தனையோடு விட்டாள். சட்டப்படி இரும்புப் பெட்டியில் பூட்டிய றைபிள் வீட்டில் இருக்கலாம். வெடிமருந்து, சன்னம், வேறு எந்தச் சாமானும் வாசற்படி தாண்டக் கூடாது.

அது எனக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. எங்கள் தோட்டாக்களை நாங்களே நிரப்பிக்கொள்வோம். அந்த வேலை முழுவதும் தபால்காரியின் கராஜில்தான் நடந்தது. சுட்டு முடிந்த பித்தளைக் கோதுகளைப் பொறுக்கிக் கழுவி, அடியில் புது பிரைமர் பொருத்தி, வெடிமருந்தைத் தராசில் நிறுத்துப் போட்டு, கோதின் வாயில் சன்னத்தை, அதாவது குண்டை, இறுக்கினால் தோட்டா மறுபடி தயார். பிரைமர் என்பது சட்டைப் பொத்தானிலும் சிறிய ஒரு கிண்ணம். றைபிளின் ஊசி அதைக் குத்தினால்தான் மருந்து பற்றும். மற்ற எல்லாவற்றுக்கும் ஏதாவது மாற்றுவழி இருக்கிறது, பிரைமருக்கு இல்லை. ஒரு வேலையில் இரண்டு பேர் கைவைக்கக் கூடாது என்பது அவளுடைய சட்டம். பிரைமர் வாங்குவதும் பொருத்துவதும் அவள், மருந்து நிறுப்பது நான். ஐந்து வருடமாக இப்படியே நடந்ததால் பிரைமரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்பதும் எனக்குத் தெரியாது.

ஆறாவது வருடம் தட்டுப்பாடு வந்தது. முதலில் சன்னத்தின் விலை ஏறியது. அதன் மேல்தோல் செம்பு, செம்பு விலை ஏறிவிட்டதாம். பிறகு மருந்து. பிறகு கடைகளில் பிரைமரே இல்லாமல் போயிற்று. அமெரிக்காவில் சனம் அள்ளி அள்ளி வாங்குகிறது, மிச்சத்தை ஆமிக்காரர் எடுக்கிறார்கள், நமக்கு வருவது சொட்டுத்தான் என்றார் நாங்கள் வழக்கமாக வாங்கும் எசெக்ஸ் துப்பாக்கிக் கடைக்காரர். கிடைக்கும் அன்றைக்கும் ஆளுக்கு ஒரு பெட்டி, நூறு பிரைமர், அவ்வளவுதான். சட்டம் வேறு மாறியிருந்ததால் தபாலில் எடுப்பிக்கவும் வழியில்லை. நேரே போய்ச் சான்றிதழைக் காட்ட வேண்டும். விலையைக் கேட்டால் வயிறு எரியும்.

கிளப்பில் எல்லோரும் சமாளிக்கப் பழகினார்கள். ஞாயிற்றுக்கிழமை நாற்பது தோட்டா சுட்டவர்கள் பதினைந்தோடு எழும்பித் தேநீர் குடிக்கப் போனார்கள். புல்லுக்குள் விழுந்த கோதைத் தேடி, கோட்டுப் போட்ட பெரிய மனிதர்கள் முழங்காலில் ஊர்ந்தார்கள். நான் வீட்டில் வெறும் றைபிளை வைத்துக் குறி பிடித்துப் பழகினேன். சுவரில் இருந்த கோயில் கலண்டரின் தேதிக் கட்டம்தான் இலக்கு. இரண்டாம் நாளே மனைவி கலண்டரைக் கழற்றிச் சமையலறைக்குள் கொண்டுபோய்விட்டாள்.

தபால்காரிக்கு அந்த வருடம் மற்ற வருடங்களைப் போல இல்லை. கிளப்பின் வருடாந்தக் கிண்ணப் போட்டியில் அவள் மூன்று முறை இரண்டாம் இடம் வந்தவள். பை சுமந்து சுமந்து வலது தோள் தேய்ந்துபோயிருந்தது. வரும் மாரிகாலத்தில் சத்திரசிகிச்சை, அதற்குப் பிறகு துப்பாக்கியின் உதை அந்தத் தோளுக்கு ஆகாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். செப்டெம்பரில் நடக்கும் போட்டிதான் கடைசி. அதற்குப் பழக அவளுக்குத் தோட்டா வேண்டும். இனி நீயும் பிரைமர் தேடு, உன்னிடமும் சான்றிதழ் இருக்கிறதே என்று என்னிடம் சொன்னாள்.

தேடினேன். பொய் சொல்லவில்லை, அவளுக்காகத்தான் தேடத் தொடங்கினேன். சனிக்கிழமைகளில் எசெக்ஸ், கென்ட் என்று காரில் அலைந்தேன். முதல் பெட்டி கிடைத்தபோது, இன்னொன்றும் கிடைக்கட்டும், இரண்டையும் சேர்த்துக் கொடுப்போம் என்று நினைத்தேன். இரண்டாவது கிடைத்தபோது, நிலைமை இன்னும் மோசமாகலாம், கொஞ்சம் கையில் இருக்கட்டும் என்று நினைத்தேன். மூன்றாவது பெட்டிக்குப் பிறகு நினைப்பதையே விட்டுவிட்டேன். கை தானாக வாங்கியது.

இந்தக் கைக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. தொண்ணூறுகளில் அரசாங்கம் யாழ்ப்பாணத்துக்குச் சாமான் வரவிடாமல் மறித்தபோது வந்த பழக்கம். மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றரி எதுவும் இல்லை. கரண்டும் இல்லை. ஜாம் போத்தலின் அடியில் ஒரு விரற்கடை மண்ணெண்ணெய் விட்டுத் திரிபோட்டு, அந்த வெளிச்சத்தில்தான் ஊரே சாப்பிட்டது, படித்தது. எங்கள் வீட்டில் நெல்லு மூட்டைகளுக்குப் பின்னால் இரண்டு கலன் மண்ணெண்ணெய் இருந்தது. ஆர் கேட்டாலும் இல்லையெண்டு சொல்லு என்பது அம்மாவின் கட்டளை. வேலி வாசலில் இருந்த படலைக்குப் போய்ச் சொல்கிற வேலை என்னுடையது. எத்தனையோ பேருக்குச் சொன்னேன். முகங்கள் நினைவில்லை.

ஆவணிக்குள் என்னிடம் பதினாறு பெட்டி சேர்ந்துவிட்டது. மனைவியின் நிபந்தனையால் அதை வீட்டில் எங்கே வைப்பது என்று முழித்தேன். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் தட்டு, தட்டில் ஒவ்வொரு பிரைமருக்கும் தனித்தனிக் குழி. காற்றுக்குத்தான் இவ்வளவு பெரிய பெட்டி செய்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. நம் வீடுகளில் கடைப் பையோடு எதை வைக்கிறோம்? மிளகாய்த்தூளோ உளுந்தோ, வந்த கையோடு பால்மா டின்னில் கொட்டி மூடுவதுதானே வழக்கம். எங்கள் சமையலறைத் தட்டில் அப்படிப் பதினெட்டு டின்கள் நின்றன. பத்தொன்பதாவதை யார் கவனிக்கப் போகிறார்கள்? மூன்று கம்பனிகளின் பிரைமரையும் ஒன்றாகக் கொட்டினேன். மேலே கடதாசி ஒட்டி 'ஓமம்' என்று எழுதினேன். எங்கள் வீட்டில் ஓமத்தை யாரும் தேடுவதில்லை. மேல்தட்டில் கடைசியாக வைத்துவிட்டு, பெட்டிகளைப் பட்டறைக் குப்பையில் போட்டேன். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

போட்டிக்கு மூன்று கிழமை இருந்தபோது கராஜில் தேநீர் ஊற்றிக்கொண்டே அவள் கேட்டாள். ஏதாவது கிடைத்ததா?

"இல்லை" என்றேன்.

ஒரு நொடிகூட எடுக்கவில்லை. படலையில் நின்று சொன்ன அதே வேகம்.

அடுத்த ஞாயிறு அவள் ஒரு பெட்டியைக் கொண்டுவந்தாள். விடுமுறை எடுத்து ரயில் ஏறி நோர்விச் வரை போய் வாங்கியதாம். நூறு. ஐம்பதில் பழகி, மற்ற ஐம்பதைப் போட்டிக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவள் தட்டை எடுத்துப் பாதியாக உடைத்து ஒரு பாதியை என் பக்கம் தள்ளினாள். "உன்னிடம் ஒன்றுமே இல்லையே, நீயும் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறாய்" என்றாள்.

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வெட்கம் வாயை அடைத்தது என்று எழுதினால் அழகாக இருக்கும், ஆனால் அது முழு உண்மையும் அல்ல. இன்னும் ஒரு பெட்டி சேர்ந்தால் எல்லாவற்றையும் மொத்தமாகக் கொடுத்துச் சமாளித்துவிடலாம் என்ற கணக்கும் உள்ளே ஓடியது. நன்றி சொல்லி வாங்கிச் சட்டைப் பையில் போட்டேன்.

போட்டி நாளில் எனக்கு முதுகுப் பிடிப்பு என்று சொல்லிப் பின்னால் கதிரையில் இருந்தேன். அவள் கொடுத்ததை அவளுக்கு எதிராகச் சுட மனம் வரவில்லை. பழகாத கையோடு அவள் சுடுவதற்குக் குப்புறப் படுத்தாள். முதல் பத்துச் சூட்டில் குறி சிதறியது. பிறகு கை படிந்து, கடைசி இருபதையும் நடுவிலேயே போட்டாள். போன புள்ளிகள் போனவைதான். நான்காம் இடம். வென்றவனுக்குக் கைகொடுத்துவிட்டு றைபிளைத் துடைக்கத் தொடங்கினாள். அவளுடைய வலது தோள் இடதைவிட இறங்கியிருந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை டின்னை எடுத்துக் காரின் முன் இருக்கையில் வைத்து அவளுடைய கராஜுக்கு ஓட்டினேன். வழியில் எத்தனை வேகத்தடை இருக்கிறது என்று அப்போது நான் எண்ணவில்லை. மேசையில் வைத்து, உனக்குத்தான், ஆயிரத்து அறுநூறு இருக்கிறது, அடுத்த வருடமும் சுடு, டொக்டர் சொல்வதெல்லாம் சரியா என்று உளறினேன்.

அவள் மூடியைத் திறந்து பார்த்தாள். மெல்ல மூடியைத் திரும்ப வைத்து, இரண்டடி பின்னால் போய், என்னையும் கையைப் பிடித்து இழுத்தாள். தட்டில் தனித்தனிக் குழி ஏன் இருக்கிறது தெரியுமா என்று கேட்டாள். ஒன்று வெடித்தால் மற்றது வெடிக்காமல் இருக்கத்தான். இப்படிக் கொட்டி வைத்தால் டின் கீழே விழுந்தாலே போதும், எல்லாம் ஒரே நொடியில் போகும், பக்கத்தில் நிற்பவர் கையும் கண்ணும் போகும். அதோடு, மூன்று கம்பனிச் சரக்கும் கலந்ததால் எது எதென்று பிரிக்க முடியாது, ஒன்றைக்கூட நம்பித் தோட்டாவில் வைக்க முடியாது. எந்தச் சாமானுக்காக நான் பொய் சொன்னேனோ, அது கொட்டிய அன்றைக்கே குப்பையாகிவிட்டிருந்தது.

உதவாமல் போகாதது அவள் தந்த ஐம்பது மட்டும்தான். உடைத்த தட்டை அப்படியே பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன். அவள் அதைப் பார்த்தாள்.

"அன்றைக்கு நான் கேட்டபோது இந்த டின் இருந்ததா?"

"இருந்தது."

தலையை ஆட்டினாள். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். கடைக்காரருக்கு ரெலிபோன் எடுத்தாள். யாரும் தொட வேண்டாம், தானே வந்து எடுக்கிறேன் என்றாராம். அவர் வரும்வரை நாங்கள் இருவரும் வெளியே மதிலில் இருந்தோம். அவள் அடுத்த கிழமை மழை என்று சொன்னாள். ஓம் என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அந்த டின் இரண்டு மாதம் அவளுடைய தலைக்கு மேலே நின்றதையும் சொன்னேன். அவள் கத்தியை வைக்கவில்லை.

"போன கிழமை வயித்துக் குத்தெண்டு ஓமம் தேடினனான்" என்றாள். "அந்த டின்னை எடுத்து ஆட்டிப் பாத்தன். ஓமம் அப்பிடிச் சத்தம் போடாது. திரும்ப வைச்சிட்டன்."

கதிரையை இழுத்து இருந்தேன். ஏன் என்னைக் கேட்கவில்லை என்றேன்.

"கேட்டால் இல்லையெண்டுதானே சொல்லுவீங்கள்."

அவள் வெட்டிய லீக்ஸைச் சட்டியில் போட்டுவிட்டு, என் பக்கம் திரும்பாமல் பேசினாள்.

"பள்ளிக்கூடச் சோதினைக்கு நாலு நாள் இருக்கேக்க ஜாம் போத்தலையும் கொண்டு உங்கட படலையடிக்கு வந்தனான். ஒரு விரற்கடை எண்ணெய் போதும் எண்டன். இல்லையெண்டு சொன்னீங்கள். உங்கட கை மண்ணெண்ணெய் மணந்தது."

எங்களுக்குக் கலியாணமாகிப் பதின்மூன்று வருடம். அதுவரை அவள் இதைச் சொன்னதில்லை. படலைக்கு வந்தவர்களின் முகங்கள் நினைவில்லை என்று மேலே எழுதியிருக்கிறேன். எவ்வளவோ யோசித்துப் பார்த்தும், அன்று படலையில் நின்ற அவளுடைய முகமும் எனக்கு நினைவில்லை.