ஏரிக்கரைப் பாதையின் வளைவு

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் ஆறு பேர் கோட்டைக்குப்பத்திலிருந்து காட்டூருக்கு, கடலோடு சேரும் உப்புத்தண்ணீர் ஏரியின் கரை மண்பாதையில் தினமும் சைக்கிளில் வேலைக்குப் போவோம். நடுவழியில் பாதை ஒரு பெரிய வளைவு போடும். அங்கே மரமில்லை, கோயிலில்லை, யாருடைய பட்டாவும் இல்லை. பிறகு ஏன் வளைகிறது? யாரைக் கேட்டாலும் "எப்பவும் அப்டித்தான்"னு சொன்னார்கள். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மழை விட்டதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாதையைச் சரிசெய்ய மண்வெட்டியோடு போனோம். "நேராவே வெட்டிடலாம்" என்றேன். செடிகளைப் பிடுங்கி, இறுகிய மேல்மண்ணைச் செதுக்கி, மதியத்துக்குள் நேர்ப்பாதை போட்டுவிட்டோம். திறப்பு விழாவாக ஆறு சைக்கிளையும் வரிசையாக விட்டோம். முதலில் போன என் முன்சக்கரம் பாதிவரை சேற்றில் இறங்கியது. பின்னால் வந்த ஐந்து பேரும் என்மேலேயே விழுந்தார்கள். வாய்க்குள் போன சேறு உப்புக் கரித்தது. காரணம் தெரிந்துவிட்டது: நாங்கள் செதுக்கிய மண்ணுக்கு அடியில் ஏரி இருந்தது.

மூன்றாம் நாள் பழைய வளைவிலேயே போனேன். எங்கள் நேர்ப்பாதையில் ஏரித் தண்ணீர் ஏறியிருந்தது. கையால் இறால் பிடிக்கும் பெண்கள் நாலு பேர், ஓலைக்கூடையை வாயில் கவ்விக்கொண்டு அந்தத் தண்ணீருக்குள் துழாவிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி என்னைப் பார்த்ததும், இறால் துள்ளும் கூடையைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டாள்: "இன்னாண்ணா, வர்ற ஞாயித்துக்கெழமையும் வெட்ட வருவீங்களா?"