றமீஸ் ஹாஜியாரின் தளபாடங்கள்

முதலில் மணந்து பார்ப்பார். பெட்டியின் ஒரு மூலையைச் சிறு கத்தியால் கீறி, கீறலுக்குள் மூக்கை நுழைத்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார் றமீஸ் ஹாஜியார். லொறியிலிருந்து பெட்டியை இறக்கிய சுமை தூக்கும் நாட்டாமைகள் நாலு பேரும் கூலிக்காக வியர்வையைத் துடைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். அவரை அவசரப்படுத்த முடியாது. மரத்தூளும் வார்னிஷும் பிளாஸ்டிக்கும் கலந்த அந்த வாசம் நெஞ்சு நிறைந்த பிறகுதான் முகத்தை வெளியே எடுப்பார்.

"புதுசுதான்," என்பார். "ஒத்தன்ட கையும் படல்ல."

பெட்டிக்குள் இருப்பது பின்போல் மெஷின். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நாலு காலில் நிற்கும் சாய்வான ஒரு கண்ணாடி மேசை. கண்ணாடிக்குக் கீழே ஓர் இரும்பு உருண்டை ஓடித் திரியும். இரண்டு பக்கத்துப் பொத்தான்களையும் அமுக்கினால் அடியில் இரண்டு குட்டித் துடுப்புகள் துள்ளி, கீழே விழப்போகும் உருண்டையை மேலே அடித்து அனுப்பும். லைட் பற்றும், மணி அடிக்கும், தலைமாட்டில் இலக்கம் ஏறும். இவ்வளவுதான் விஷயம். இதற்காக ஒரு மனிதர் கப்பலுக்கும் கொழும்புக்கும் கல்முனைக்கும் இடையில் தன் ஆயுளில் பாதியைக் கழிப்பாரா என்று கேட்டால், கழிக்கிறார்.

ஹாஜியாருக்குக் கல்முனைக் கடைத்தெருவில் குளியலறைச் சாமான் கடை. தரை ஓடு, பைப்பு, வாஷ் பேசின். கடையில் நல்ல சுழல் கதிரை ஒன்று இருக்கிறது, அதில் உட்காரமாட்டார். யாரும் வாங்காமல் கிடக்கும் இளஞ்சிவப்புக் கொமட் ஒன்றின் மூடியில் உட்கார்ந்துதான் வியாபாரம் கதைப்பார். வாங்க வந்தவர்கள் முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், பிறகு பழகிவிடும். "உறுதிக்கு நான்தான் சாட்சி," என்று தட்டிக் காட்டுவார். மெல்லிய உடம்பு, கத்தரித்த தாடி, எந்நேரமும் பொத்தான் அமுக்குவதுபோல் துடித்துக்கொண்டிருக்கும் இரண்டு நடுவிரல்கள். ஜும்ஆப் பிரசங்கம் நீளும் நாட்களில் அந்த விரல்கள் தொடையில் தாளம் போடுவதாகப் பக்கத்தில் உட்காருபவர்கள் சொல்கிறார்கள்.

நான் பாண்டிருப்புக்காரி. அவருடைய மனைவி முஸ்பிறாவும் நானும் ஒரே பாடசாலையில் படிப்பிக்கிறோம். அந்த வீட்டுத் தேத்தண்ணிக்கும் வட்டிலப்பத்துக்கும் கடமைப்பட்டவள் என்பதால் ஹாஜியாரைப் பற்றி நடுநிலையாக எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

பழைய மெஷின் என்றால் பாதி விலைக்கு வாங்கலாம் என்று ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவருடைய முகம் சுருங்கிப்போனது.

"டீச்சர், வாலிபத்தில நான் குவைத்தில எங்க வேல செஞ்ச தெரியுமா? கடக்கரையில ஒரு விளையாட்டு ஹோல். இப்பிடி நாப்பது மெஷின். என்ட வேல கண்ணாடி தொடைக்கிற. விளையாடினா வேல போயிடும். மத்தவன்ட கை அடையாளத்தத் தொடைச்சித் தொடைச்சே என்ட வயசு போச்சி. இனி அடையாளம் விழுந்தா அது என்ட அடையாளமா இரிக்கணும்."

அதற்குப் பிறகு நான் விலையைப் பற்றிக் கதைப்பதில்லை.

புது மெஷின் வாங்குவது சுலபம், காசைக் கட்டினால் அமெரிக்காக்காரன் அனுப்பிவிடுவான். கொண்டுவந்து சேர்ப்பதுதான் பெரும்பாடு. கொழும்பில் துறைமுகச் சாமான் எடுத்துக் கொடுக்கும் காரைதீவு டிலக்சன்தான் ஹாஜியாருக்கு எல்லாம். இருவரும் கைபேசியில் கதைப்பதைக் கேட்பதற்கென்றே நான் சிலவேளை கடைக்குப் போவதுண்டு.

"ஹாஜியார், பெட்டியத் திறந்து வெச்சிட்டு, இது என்ன சாமான் எண்டு கஸ்டம்ஸ்ல கேக்காங்க."

"தளபாடம் எண்டு சொல்லுங்க."

"இதில லைட் பத்துதே."

"எங்கட வீட்டு அலுமாரியிலயும் லைட் பத்துது."

"பாட்டுப் பாடுமாம்."

"தம்பி, நாலு கால் இரிக்கி, மேல கண்ணாடி இரிக்கி. மேசைக்கு வேற என்ன வேணும்?"

அந்த முறை விதி சிரித்தது. மெஷினின் கால்கள் வேறொரு பெட்டியில், வேறொரு கப்பலில் வந்துகொண்டிருந்தன. "காலும் இல்லியே, இப்ப என்ன சொல்லுறது?" என்று டிலக்சன் கேட்க, "கட்டிலும் கழட்டித்தான் வரும்," என்றார் ஹாஜியார் தயங்காமல். சுங்க அதிகாரிகள் நன்றாகச் சிரித்துவிட்டு, விளையாட்டு மெஷினுக்குரிய உச்ச வரியையே போட்டார்கள். ஒவ்வொரு முறையும் இதே வாதம், இதே சிரிப்பு, இதே வரி. அவர் மட்டும் அசரவில்லை. கடையில், பள்ளிவாசல் வாசலில், கலியாண வீட்டில், யார் கேட்டாலும் தளபாடம்தான்.

நாட்டில் டொலர் இல்லாமல் போன காலத்தில் ஒரு மெஷின் துபாய்க் களஞ்சியத்தில் மாதக்கணக்கில் கிடந்தது. வெள்ளிக்கிழமை தோறும் அங்கே ஆள் பிடித்து, "சுகமா இரிக்கா? ஈரம் கீரம் படல்லியே?" என்று விசாரிப்பார். வெளிநாட்டுக்குப் போன சொந்தத் தம்பியை அவர் அப்படி விசாரித்ததில்லை என்பது முஸ்பிறாவின் முறைப்பாடு. ஒருவழியாக அது வந்து சேர்ந்தபோது ஊரில் கறண்ட் இல்லை. பாதி நாள் மின்வெட்டு. இருட்டிப்போன மெஷினுக்கு முன்னால் நின்று பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தார். கேட்டதற்கு, விரல் பழகட்டும் என்றார்.

உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிந்திய மாதங்களில் வந்த மெஷினின் கதை வேறு. வயரும் சுருள்கம்பியும் மின்தகடும் நிறைந்த ஒரு நீளப் பெட்டியை ஒரு ஹாஜியார் தன் ஊருக்கு ஏற்றிப் போகிறார் என்றால் அந்த நாட்களில் யார் சும்மா விடுவார்கள்? வழியில் மறித்தார்கள். சொல்லிப் பார்த்தார், படம் காட்டிப் பார்த்தார். கடைசியில் சோதனைச் சாவடிக் கொட்டிலுக்குள் மெஷினை முழுதாகப் பொருத்தி, கறண்ட் கொடுத்து, ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். ஓட்டிக் காட்டினார். பிறகு அவர்கள் விளையாடினார்கள். ஒருவர் மாறி ஒருவராக, பொழுது சாயும்வரை. சீருடைக்காரர் ஒருவர் ஹாஜியாரைவிடக் கூடுதலாக இலக்கம் எடுத்து, அவருடைய முதுகில் தட்டி, மரியாதையாக அனுப்பிவைத்தார். ஊர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறது. அவரும் கூடவே சிரிப்பார். ஆனால் அந்த மெஷினை மட்டும் இன்றுவரை "பாவிச்ச சாமான்" என்றுதான் சொல்வார். அதைச் சொல்லும்போது முகத்தில் சிரிப்பு இருக்காது.

இப்படி ஆறு மெஷின்கள் சேர்ந்தன. கடலுக்குக் கிட்டிய எங்கள் பக்கத்தில் சுனாமிக்குப் பிறகு பெறுமதியான எதையும் யாரும் கீழ்த்தளத்தில் வைப்பதில்லை. ஆறும் மாடி ஹோலுக்கு ஏறின. அங்கேதான் வில்லங்கம் ஆரம்பித்தது.

இந்தக் கரையோர ஊர்களில் வீடு பெண்ணுக்கு. ஆண்பிள்ளை பிறப்பது உம்மாவின் வீட்டில், குடிபோவது மனைவியின் வீட்டுக்கு, கிழவனாவது மகளின் வீட்டில். இடையில் தனக்கென்று ஒரு சுவர்கூட வராது. சீதனம் பற்றி எனக்குச் சில கருத்துக்கள் உண்டு, எழுதினால் பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார். முஸ்பிறா இதை இன்னும் சுருக்கமாகச் சொல்வாள்: "இந்த வீடு என்ட உம்மா தந்தது. இவர் வரக்குள்ள ஒரு சூட்கேஸ் கொண்டு வந்தார். இப்ப பாருங்க டீச்சர், நடக்க வழியில்ல."

அம்ஹா அவர்களுக்கு ஒரே மகள். வீடு அவளுக்கு என்பது அவள் பிறந்த அன்றே முடிவானது. பிரச்சினை மாப்பிள்ளைதான். கதைத்து வந்த இரண்டு சம்பந்தங்கள் காரணம் சொல்லாமல் விலகிப்போயின. காரணம் பிறகு காற்றுவாக்கில் வந்தது. அந்த வீட்டு மாடியில் சூது மெஷின் ஓடுகிறதாம், காசு போட்டால் காசு கொட்டுமாம். அம்ஹா அழவில்லை. வாப்பாவோடு கதைப்பதை மட்டும் குறைத்துக்கொண்டாள். ஹாஜியார் அந்த மாதங்களில் மாடிக்கு ஏறியதும் குறைவு.

மூன்றாவதாக வந்தது சம்மாந்துறைச் சம்பந்தம். நெல் ஆலைக் குடும்பம், மாப்பிள்ளை பர்ஸான் வங்கியில் வேலை. இந்த முறை அம்ஹாவுக்கு மனம் இருந்தது. அவளே உம்மாவிடம் சொல்லியிருந்தாள். வீடு பார்க்க மாப்பிள்ளையின் உம்மா ஸைனம்பு வருகிறார் என்றதும் முஸ்பிறா என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள். நான் போனபோது ஹாஜியார் ஆறு மெஷின்களையும் வெள்ளைத் துணியால் மூடி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு பூச்சாடி வைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடி சாய்வானது அல்லவா, சாடிகள் வழுக்கிக்கொண்டு வந்தன. அவற்றுக்கு அடியில் கடதாசி மடித்து முட்டுக் கொடுத்தார்.

ஸைனம்பு வந்தார். கனத்த உடம்பு, கூர்மையான கண். கிணறு, குசினி, குளியலறை எல்லாம் பார்த்து, படியேறி மாடிக்கு வந்து நின்றார்.

"இதென்ன தம்பி, வெள்ளப் புடவ போத்தி வெச்சிரிக்கீங்க? ஆரும் மவுத்தாகிட்டா?"

"தளபாடம் ராத்தா. தூசி படும் எண்டு மூடின."

ஸைனம்பு பூச்சாடியைத் தூக்கி என் கையில் தந்துவிட்டு, துணியை விலக்கினார். கண்ணாடியை விரலால் சுண்டிப் பார்த்தார். குனிந்து கால்களைப் பார்த்தார். பிறகு கடையில் கட்டில் வாங்குபவரைப்போல இரண்டு கையாலும் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினார். அசையவில்லை.

"நல்ல பாரம். வெளிநாட்டுச் சாமானா?"

"ஓம் ராத்தா."

"ஆறுமா?"

"ஆறும்தான்."

"நல்ல தளபாடம்," என்றார் ஸைனம்பு. இத்தனை வருஷத்தில் ஹாஜியாரின் வாதத்தை முழுமனதாக ஏற்றுக்கொண்ட முதல் மனிதர் அவர்தான். "தளபாடமெண்டா வீட்டோடதானே தம்பி. நம்மட வழக்கம் அதானே."

நுணலும் தன் வாயால் கெடும். இல்லை ராத்தா, இது தளபாடம் இல்லை, விளையாட்டு மெஷின் என்று ஒரு வார்த்தை சொன்னால் ஆறும் அவருக்கு மிஞ்சும். அடுத்த கேள்வி சூதைப் பற்றியதாக இருக்கும், அத்தோடு இந்தச் சம்பந்தமும் படியிறங்கிப் போய்விடும். அம்ஹா சர்பத் தட்டோடு படியின் மேல் முனையில் நின்றாள். கிளாசுகள் ஒன்றோடொன்று மெல்ல முட்டிச் சத்தமிட்டன. ஹாஜியார் ஒரு தடவை மகளைப் பார்த்தார்.

"ஓம் ராத்தா," என்றார். "வீட்டோடதான்."

நான் பூச்சாடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஸைனம்பு போன பிறகு அம்ஹா வந்து வாப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "வாப்பா, அது உங்கட எண்டு நான் மாப்பிள்ளைக்குச் சொல்லவா?"

"வாய மூடு புள்ள. மகளுக்குக் குடுத்த வீட்டில ஆரும் சாமான் பிரிக்கிறயா?" என்றார்.

கலியாணம் நன்றாக நடந்தது. மாடி புதுத் தம்பதிக்கு என்றானது, ஹாஜியாரும் முஸ்பிறாவும் கீழே பின்னறைக்கு ஒதுங்கினார்கள். புது மாப்பிள்ளை இருக்கும் மாடிக்கு மாமனார் ஏறிப் போவது இங்கே அழகில்லை. அவரும் ஏறவில்லை. கடைக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் தலையை ஒரு பக்கம் சாய்த்து, முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று முஸ்பிறா சொன்னாள்.

மாப்பிள்ளைக்குச் சோறாக்கிய ஒருநாள் பகல் எனக்கும் அழைப்பு வந்தது. நானும் முஸ்பிறாவும் பரிமாறிக்கொண்டு நின்றோம். ஹாஜியார் ஏற்கெனவே மேசையில் இருந்தார். பர்ஸான் மாடியிலிருந்து இறங்கி வந்தவன், உட்காராமல் கதிரையைப் பிடித்துக்கொண்டு நெளிந்தான். நல்ல பிள்ளை, வெட்கம் கூட.

"மாமா, மேல மெஷினெல்லாம் லைட் பத்துது, பாட்டும் பாடுது. உருண்டைதான் வருதில்ல. ஆறிலயும் வருதில்ல."

ஹாஜியார் ஆட்டிறைச்சித் துண்டொன்றை நிதானமாக மென்று விழுங்கினார்.

"தளபாடத்துக்கு என்னத்துக்கு மருமகன் உருண்ட?"

முஸ்பிறா முக்காட்டை வாயில் அமுக்கிக்கொண்டு குசினிக்கு ஓடினாள். எனக்கு விஷயம் விளங்கியது. கலியாணத்துக்கு முதல்நாள் மாடியைத் துப்புரவாக்கப் போகிறேன் என்று ஏறியவர், ஆறு மெஷின்களின் கண்ணாடியையும் கழற்றி, உள்ளே இருந்த உருண்டைகளையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வந்துவிட்டார். அவருடைய கதிரைக்குக் கீழே ஒரு சீலைப் பை இருந்தது. நான் அதை மரக்கறிப் பை என்று நினைத்திருந்தேன்.

பர்ஸான் மாமனாரின் முகத்தைப் பார்த்தான், பையைப் பார்த்தான். கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிப்பு வந்தது.

"விளையாடத் தெரியுமா?" என்றார் ஹாஜியார்.

"தெரியா மாமா."

ஹாஜியார் எழுந்து கைகழுவி வந்தார். பைக்குள் கையை விட்டு, இரும்பு உரசும் சத்தத்தோடு துழாவி, ஒரேயொரு உருண்டையை எடுத்து மருமகனின் உள்ளங்கையில் வைத்தார். அவனுடைய விரல்களைத் தானே மடக்கி மூடினார். மூடிய கையை, ஸலாம் சொல்லி முஸாபஹா கொடுப்பதுபோல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிடித்த கையை விடாமலே, அவனோடு மாடிப்படியில் ஏறத் தொடங்கினார்.