ஈசினோபில்: பூஜ்யம்

இடுப்புக்குக் கீழே அரித்தது. வேர்க்குரு என்று நினைத்துச் சொறிந்தேன். கண்ணாடியில் திரும்பிப் பார்த்தபோது நூல் பிடித்ததுபோல ஒரு சிவப்புக் கோடு. அதன் நுனியில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தேன். நான் பள்ளி ஆசிரியை, எதையும் குறித்து வைத்துப் பார்க்காவிட்டால் எனக்கு நிம்மதி கிடையாது. துணிகளை மடித்து வைத்துவிட்டு அரை மணி நேரம் கழித்துப் பார்த்தேன். கோடு புள்ளியைத் தாண்டி இரண்டு விரற்கடை போயிருந்தது.

என் கணவர் சேவியரைக் கூப்பிட்டுக் காட்டினேன். புதுக்கோட்டையில் லேத் பட்டறை வைத்திருப்பவர், எளிதில் பதறமாட்டார். "ஏதாச்சும் பூச்சி ஊந்துருக்கும். எண்ணெயத் தடவு" என்றார். ஊர்ந்தது வாஸ்தவம்தான். தோலுக்கு மேலே அல்ல, அடியில். அது எங்களுக்குத் தெரிய இன்னும் இரண்டு வாரம் ஆனது.

இதை எழுதுவது, இழுப்புக்கோ மூட்டு வலிக்கோ ஸ்டீராய்டு மாத்திரை (உடம்பின் எதிர்ப்பை அடக்கி வீக்கத்தைக் குறைப்பது) சாப்பிடுகிறவர்களுக்காக. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டுப் பயந்துபோய் மாத்திரையைச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். அதுவும் ஆபத்து. மருந்தில் குற்றமில்லை, நான் சாப்பிட்ட விதத்தில்தான் குற்றம்.

ஆறேழு மாதங்களாக எனக்கு இருமலும் இழுப்பும் இருந்தன. ரத்தம் பார்த்ததில் ஈசினோபில் (வெள்ளை அணுக்களில் ஒரு வகை) பதினெட்டு சதவீதம். நம் ஊரில் அதுவே ஒரு நோயின் பெயர். "எனக்கு ஈஸ்னோபீலியா இருக்கு" என்று சொன்னால், மேற்கொண்டு யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். டீக்கடையில்கூட அதற்கு வைத்தியம் கிடைக்கும். அந்த அணு ஏன் கூடுகிறது, எதைப் பார்த்துக் கூடுகிறது என்று நானும் கேட்கவில்லை. கேள்வி கேட்காத பிள்ளைகளை வகுப்பில் திட்டுகிறவள் நான்.

இழுப்புக்காகப் பார்த்த டாக்டர் ஐந்து நாளைக்கு மட்டும் ஸ்டீராய்டு எழுதிக் கொடுத்தார். மூன்றாம் நாளே மூச்சு லேசாகிவிட்டது. நிறுத்திய பத்து நாளில் இழுப்பு திரும்பியது. மறுபடி டாக்டரிடம் போக லீவு போட வேண்டும். பழைய சீட்டைக் காட்டி நானே வாங்கிச் சாப்பிட்டேன். ஐந்து நாள் பத்து நாளாகி, மூன்று மாதம் ஓடிவிட்டது.

இடையில் ரத்தம் பார்த்தேன். ஈசினோபில் பூஜ்யம். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. அறிக்கையைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸாப்பில் போட்டேன். வரிசையாகக் கை தட்டினார்கள். கந்தர்வக்கோட்டைப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கும் என் அக்கா லூர்து, குரல் பதிவே அனுப்பினாள். "மாதா கண்ணத் தொறந்துட்டாடி. அந்த மாத்திரைய மட்டும் விட்றாத."

விடவில்லை.

அதன் பிறகு வயிறு உப்பியது. சாப்பிட்டது தங்கவில்லை. எடை இறங்கிக்கொண்டே போனது. சேலை இடுப்பில் நிற்காமல் நழுவ, சக ஆசிரியை ஒருத்தி இளைத்ததற்கு ரகசியம் கேட்டாள். வாயுவுக்கு மருந்து சாப்பிட்டேன். அப்போதுதான் அந்தக் கோடு வந்தது. கோடு வந்த பன்னிரண்டாம் நாள் குளிர்காய்ச்சல் அடித்து, வகுப்பில் கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கையெழுத்து கோணலாகப் போவதைப் பிள்ளைகள்தான் முதலில் பார்த்தார்கள். சேவியர் கார் பிடித்துத் தஞ்சாவூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வழியெல்லாம், இன்னும் வேகமாகப் போகச் சொல்லி டிரைவரை விரட்டிக்கொண்டே வந்தார். அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

அங்கே பார்த்த குடல்நோய் டாக்டர் சிறு வயதுப் பெண். என் பழைய அறிக்கைகளைத் தேதி வாரியாக அடுக்கினார். பதினெட்டுக்கும் பூஜ்யத்துக்கும் நடுவில் விரலை வைத்துக்கொண்டு, "சின்ன வயசுல எங்கம்மா வளந்தீங்க?" என்றார்.

"கந்தர்வக்கோட்டை பக்கம்."

"செருப்பில்லாம மண்ணுல வேலை பாத்திருக்கீங்களா?"

எனக்குக் கோபம் வந்தது. வீட்டில் சுத்திகரித்த தண்ணீர், பளிங்குபோலக் கழிப்பறை, வருடா வருடம் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பூச்சி மாத்திரையைக் கொடுத்து மென்று விழுங்க வைக்கிறவள். என்னைப் பார்த்தா இந்தக் கேள்வி? ஆனால் வாய் உண்மையைச் சொல்லிவிட்டது.

எங்களுக்கு முந்திரிக் கொல்லை இருந்தது. பழுத்து விழும் முந்திரி, சருகுக்குள் புதைந்துவிடும். குனிந்து குனிந்து தேடினால் பொழுதுக்கும் முடியாது. அதனால் வெறுங்காலால் சருகைத் துழாவுவோம். கொட்டை காலில் தட்டுப்பட்டால் மட்டும் குனிவோம். செருப்புப் போட்டால் தட்டுப்படாது. அக்காவும் நானும் அதில் கெட்டிக்காரிகள். ஊரில் பாதிப் பேர் காலையில் ஒதுங்குவதும் அதே கொல்லைதான். அதையும் சொன்னேன்.

டாக்டர் தலையாட்டினார். "மலம் பாக்கணும். இன்னைக்கே."

சாயங்காலம் அவரே வந்தார். நூல்புழு (கண்ணுக்குத் தெரியாத குஞ்சாக மண்ணிலிருந்து பாதத்தோல் வழியே நுழைந்து, குடலில் வளர்வது). மற்றக் குடற்புழுக்கள் சில வருடங்களில் ஆயுள் முடிந்து செத்துவிடும். இது உடம்புக்குள்ளேயே குஞ்சு பொரித்து, அந்தக் குஞ்சு மறுபடி குடல் சுவரைத் துளைத்து உள்ளே போய், தலைமுறை தலைமுறையாக அங்கேயே குடியிருக்கும். கொல்லையை விட்டு நான் வந்து இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகிறது. அது என்னை விட்டுப் போகவில்லை.

"இத்தன வருஷம் ஏன் டாக்டர் ஒண்ணும் பண்ணல?" என்று சேவியர் கேட்டார்.

"ஒங்க வீட்டம்மா ஒடம்பு பண்ண விடல. புழுவ அடையாளம் பாக்க ஒரு எதிர்ப்பொருள் செஞ்சுச்சு. ஈசினோபில் அந்த அடையாளத்தப் பாத்து, கும்பலாப் போயி குஞ்சு மேல நஞ்சக் கொட்டுச்சு. குடலும் சளியச் சொரந்து வழுக்கி வெளிய தள்ளுச்சு. முழுசா அழிக்க முடியல, ஆனா பெருகவும் விடல. அந்தப் பதினெட்டு சதவீதம் நோயில்லைங்க. காவல். மாத்திரை போட்டு அந்தக் காவலக் கலைச்சுட்டீங்க."

இருமலும் இழுப்புமேகூட, நுரையீரல் வழியாகக் குஞ்சுகள் போய் வந்ததால் இருக்கலாம் என்றார். இப்போது அவை ஆயிரக்கணக்கில் பெருகி, குடலைத் துளைக்கும்போது அங்கிருக்கும் கிருமிகளையும் ரத்தத்துக்குள் இழுத்துக்கொண்டு போகின்றன. காய்ச்சல் அதனால்தான். பிழைப்பேனா என்று நான் கேட்டேன். "மருந்து இருக்கு. ஆனா மருந்து மட்டும் பத்தாது. ஒங்க ஒடம்பும் எந்திரிக்கணும்" என்றார். பிழைப்பீர்கள் என்று அவர் சொல்லவில்லை. அதை நான் கவனித்தேன்.

பூஜ்யத்துக்குக் கை தட்டியவர்களை நினைத்தேன். சிரிப்புக்கூட வந்தது. பிறகு போர்வையை இழுத்து மூடிக்கொண்டு அழுதேன்.

ஐவர்மெக்டின் (புழுவைச் செயலிழக்க வைக்கும் மாத்திரை) தினமும் கொடுத்தார்கள். கிருமிக்கு ஊசி தனி. ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்தார்கள். தினமும் காலையில் ரத்தம் எடுப்பார்கள். பத்து மணிக்குள் எண் தெரிந்துவிடும். நோய் குறைய வேண்டும் என்று வேண்டித்தான் பழக்கம். இப்போது ஓர் எண் கூட வேண்டும் என்று வேண்டினேன். பத்து மணி அடிக்கும்வரை செபமாலை உருட்டினேன்.

முதல் நாள் பூஜ்யம். இரண்டாம் நாள் பூஜ்யம். வயிற்றுக்குள் ஏதோ நெளிவதாகத் தோன்றும். உண்மையில் அப்படித் தெரியாது என்று நர்ஸ் சொன்னார். தெரியாது என்பதில் எனக்கு என்ன ஆறுதல்? இவ்வளவு நாளும் தெரியாமல்தானே இருந்தது. சோற்றை வாயில் வைத்தால் யாருக்கு ஊட்டுகிறேன் என்ற எண்ணம் வந்து குமட்டியது. மூன்றாம் நாளும் நான்காம் நாளும் பூஜ்யம். சேவியர் அறிக்கையை வாங்க எழுந்து போவதும், வரும்போது முகத்தைச் சரிசெய்துகொண்டு வருவதும் எனக்குத் தெரிந்தது.

ஆறாம் நாள் அவர் ஓடி வந்தார். ஐம்பது வயது மனிதர், வார்டில் எல்லோரும் பார்க்க ஓடி வந்தார்.

"ஒண்ணு! ஒரு பெர்சன்ட் வந்துருச்சு!"

அடுத்த வாரம் அது ஒன்பதானது. காய்ச்சல் விட்டது. சேவியர் குடும்ப வாட்ஸாப்பில் போட, உடனே அக்காவிடமிருந்து போன்.

"ஐயையோ, மறுபடி கூடிருச்சாமே? என்னடி இது!"

"கூடணும்க்கா. கூடுனாத்தான் பொழப்பேன்."

"ஒனக்குக் காச்சல்ல புத்தி கலங்கிருச்சு. அவுகட்ட போனக் குடு" என்றாள்.

அவளையும் வரவழைத்துச் சோதித்தார்கள். அவளுக்கும் இருந்தது. ஒரு தொந்தரவும் இல்லாமல், கல்லுக்குண்டுபோல நடமாடிக்கொண்டிருந்தாள். மூட்டு வலிக்கு யாரோ சொன்ன மாத்திரையை வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாளாம். டாக்டர் எதிரில் உட்கார்ந்து தன் பாதங்களையே பார்த்தாள். "இத்தன வருஷமா வச்சுக் காப்பாத்திருக்கோமாடி" என்றாள்.

ஆறு மாதம் கழித்துக் கடைசிச் சோதனை. புழு தென்படவில்லை. ஈசினோபில் மூன்று. ஆய்வகத்துப் பெண் சீட்டை நீட்டி, "எல்லாம் நார்மல் டீச்சர்" என்றாள். நான் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். பதினெட்டு என்றால் சண்டை நடக்கிறது. பூஜ்யம் என்றால் காவல் இல்லை. மூன்று என்றால் என்ன? எதிரி இல்லாததால் ஓய்வா, எதிரியைப் பார்க்காததால் ஓய்வா? டாக்டரிடம் கேட்டேன்.

"குணமாயிட்டீங்கன்னுதான் நெனைக்கிறேன். ஆனா யாரு ஸ்டீராய்டு எழுதுனாலும் இதச் சொல்லிட்டுத்தான் வாங்கணும். ஆயுசுக்கும்" என்றார்.

எனக்கு நாற்பத்தெட்டு வயது. திருமணம், இரண்டு பிரசவம், அப்பாவின் அடக்கம், வேலை கிடைத்த நாள், எல்லாவற்றின்போதும் உள்ளே ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், ஒரு நாள் விடுப்பு கேட்காமல், இந்த உடம்பு அதை நடத்தியது. நான் ஒன்றுமில்லை என்று நினைத்த நாட்கள்தான் அது மிக நன்றாக வேலை பார்த்த நாட்கள். என் வருடங்களை இப்போது திரும்ப எண்ணிப் பார்க்கிறேன். அவை என்னுடையவை மட்டுமல்ல என்று தோன்றுகிறது.

பேருந்து நிலையத்தில் யாராவது, "எப்படி இருக்கீங்க டீச்சர்?" என்று கேட்டால் முன்புபோல உடனே பதில் வருவதில்லை. ஒரு நொடி உள்ளே கவனிக்கிறேன். ஒரு சத்தமும் இல்லை. அது நல்ல செய்திதானா என்று எனக்குத் தெரியாது. தெரியாமலேதான் சொல்கிறேன், "நல்லா இருக்கேங்க."